இளம் கர்நாடக இசைப் பாடகரின் முதல் முழுக் கச்சேரி: ஏற்பாடு செய்பவர்களுக்கு

ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பிள்ளைகளை மேடையேற்றும் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. அதில் மேடைக்கூச்சம் போகும், கச்சேரி பாட வராது. குரலை எங்கே அடக்கிவைப்பது, எந்த ராகத்துக்குப் பின் எதை எடுப்பது, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு (தனி) எப்போது விடுவது என்பதெல்லாம் முழுக் கச்சேரி பாடித்தான் பழக வேண்டும். சிறிய சபா செய்யக்கூடிய பெரிய உதவி, ஒன்றரை மணி நேரத்தை முழுசாக ஒருவருக்கே கொடுப்பதுதான்.

தேதி குறிக்கும்போதே பாடகரின் சுருதியை, அதாவது அவர் எத்தனை கட்டையில் பாடுவார் என்பதை, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டைக்கான மிருதங்கமும் ஐந்தரைக் கட்டைக்கான மிருதங்கமும் வேறு வேறு. கடைசி நிமிடத்தில் சொன்னால் வித்வான் கையில் சரியான வாத்தியம் இருக்காது. மகரக்கட்டு வந்திருக்கும், அதாவது வளரும் வயதில் குரல் உடைந்திருக்கும், பையன் என்றால் தேதியே குறிக்காதீர்கள். பழைய சுருதியில் இழுத்துப் பாடவைத்தால் குரல் கெடும். புதிய சுருதி நிலைக்கும்வரை பொறுங்கள்.

பட்டியலில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பத்து உருப்படி எழுதிக்கொண்டு வருவார்கள். மங்களம் தவிர ஏழு போதும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையைச் சுருக்கினால் கணக்கு இப்படி வரும்: தொடக்க உருப்படியான வர்ணம் 5 நிமிடம், கல்பனாஸ்வரத்தோடு (ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுவது) ஒரு கிருதி 8, சிறு ஆலாபனையோடு (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது) ஒன்று 12, விறுவிறுப்பாக ஒன்று 4. முப்பதாவது நிமிடத்தில் பிரதான ராகம் தொடங்கிவிட வேண்டும். அதில் ஆலாபனை 10, வயலின் 6, கிருதி 10, நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது) ஸ்வரமும் 9, தனி ஆவர்த்தனம் 10. பிறகு இரண்டு துக்கடா (சிறு பாடல்கள்), மங்களம். பிரதான ராகத்தை ஐம்பதாவது நிமிடத்தில் எடுத்தால் வெட்டு விழுவது தனிக்குத்தான். மிருதங்க வித்வானை உட்காரவைத்து மூன்று நிமிடம் கொடுப்பது மரியாதையல்ல.

பிரதானம் கல்யாணி என்றால் அதற்கு முன்னால் பந்துவராளி வேண்டாம், இரண்டும் பிரதிமத்யமம், அதாவது உயர்ந்த மத்யம ஸ்வரம் கொண்டவை. எல்லாமே ஆதி தாளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ரூபகம், ஒரு மிஸ்ர சாபு கட்டாயம். தமிழில் கீர்த்தனை இயற்றிய முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் துக்கடாவுக்கு மட்டும் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. நடுவில் ஆலாபனையோடு பாடச் சொல்லுங்கள்.

பக்கவாத்தியத்துக்கு அனுபவசாலிகளை அழையுங்கள். தயங்கும் இடத்தில் வயலின் ஒரு பிடியை (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடர்) எடுத்துக் கொடுத்தால் பாடகர் அடுத்த சஞ்சாரத்துக்குப் போய்விடுவார். தனிக்கான நேரத்தை அவர்களிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அரங்கில் ஏசி இருந்தால் அரை மணி முன்பே போட்டு, வாத்தியங்களை மேடையில் வைத்துவிடுங்கள். குளிரில் மிருதங்கத்தின் வலந்தலையின் (வலக்கை வாசிக்கும் பக்கம்) சுருதி நகரும். வர்ணம் முடிவதற்குள் மறுபடி கல்லை எடுத்துத் தட்ட நேரிடும். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு என நான்கு மைக். பாடகருக்கு முன்னால் ஒரு மானிட்டர், அதில் தம்புராவும் அவர் குரலும் மட்டும். தம்புரா காதில் விழாத பாடகர் தன்னையறியாமல் கத்துவார், மேல் ஷட்ஜம் ஏறும்போது சுருதி விலகும். சோதனையின்போது மேல் பஞ்சமம்வரை பாடச் சொல்லி மைக்கில் ஒலி பிளிறுகிறதா என்று பாருங்கள். ‘ஹலோ ஹலோ’ சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை.

மேடைக்காகப் பாடகரிடம் பணம் வாங்காதீர்கள். சன்மானம் சிறிதானாலும் மூவருக்கும் அன்றே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நடுவில் பாராட்டுரை வேண்டாம். குரல் ஆறிவிட்டால் திரும்பச் சூடேற ஒரு பாட்டு ஆகும்.

முழு ஒலிப்பதிவையும் பாடகருக்கும் குருவுக்கும் அனுப்புங்கள். நான்கைந்து மாதத்தில் அவருக்கே இன்னொரு தேதி கொடுத்து, வேறொரு பிரதான ராகத்தைக் கேளுங்கள்.