வெறியைப் பார்வையாக்குதல்: ஒரு ஹிப் ஹொப் காணொளியை முழுமையாகப் பார்ப்பது எப்படி?

கொழும்பில் ஹிப் ஹொப்பை உயிராக நேசிக்கும் தமிழ் இளைஞர்களுக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தால், கென்ட்ரிக் லமார் கொம்ப்டனில் வளர்ந்த கதையையும், 2024இல் அவருக்கும் டிரேக்குக்கும் மூண்ட பாட்டுப் போரில் யார் யாரை எந்த வரியில் தாக்கினார் என்பதையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதே ரசிகரிடம் லமாரின் 'ஹம்பிள்' காணொளியை இயக்கியவர் யார், அதில் கமரா எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. இத்தனை பெரிய நேசம் கலைஞரின் வாழ்க்கையோடு நின்றுவிட்டு, அவர் செய்த வேலையை எட்டாமற் போவது எனக்குப் பெரும் வருத்தமாகவே இருக்கிறது. வெறியைக் குறைத்துக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன். அதை ஆளிடமிருந்து படைப்பின் பக்கம் திருப்புவதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேறுபாட்டை ஹிப் ஹொப்பே நமக்குக் காட்டியிருக்கிறது. எமினெம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்டான்' காணொளியில் வரும் ரசிகன், தன் நாயகனைப் போலவே தலைமயிருக்கு வெளிர் நிறம் பூசிக்கொள்கிறான். அறைச் சுவர் முழுவதும் அவருடைய படங்களை ஒட்டி வைத்திருக்கிறான். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறான். அந்தக் காணொளியை மறுபடி பார்க்கும்போது, நாயகனின் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவன் ஒரு கணமேனும் வியக்கிறானா என்று தேடிப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது அந்த மனிதர் மட்டுமே.

முதற் படி, ஒரே ஒரு காணொளியைத் தெரிந்தெடுத்து ஒரு வாரம் அதனோடு மட்டும் இருப்பது. அடுத்தடுத்துத் தானாக ஓடும் பட்டியலை நிறுத்தி வையுங்கள். காலி வீதியில் பஸ்ஸில் போகும் நேரத்தைப் பாட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பார்ப்பதை வீட்டுக்கு ஒதுக்குங்கள். கைபேசியின் சிறிய திரையில், டேட்டாவை மிச்சம் பிடிக்கும் தரத்தில் பார்த்தால் முதலில் அழிந்து போவது இருண்ட பகுதிகளும் பின்னணியும்தான். நல்ல இயக்குநர்கள் தங்கள் செய்தியைப் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள். ஆகவே வீட்டு வைஃபையில், மடிக்கணினியிலோ தொலைக்காட்சியிலோ, தரத்தை நீங்களே 1080க்கு உயர்த்திவிட்டுப் பாருங்கள்.

படத்துக்கு முன்னர் தாளத்தைக் கைவசப்படுத்த வேண்டும். ராப் பாடல்களில் பெரும்பாலானவை நான்கு அடிகள் கொண்ட 'பார்' என்ற அலகால் ஆனவை. ஒரு சரணம் வழக்கமாகப் பதினாறு பார் நீளும். இது நமக்குப் புதிதன்று. ஞாயிற்றுக்கிழமை மிருதங்க வகுப்புக்கோ பரதநாட்டிய வகுப்புக்கோ போன எவரும் ஆதி தாளத்தைக் கையால் போட்டிருப்பார்; அதன் எட்டு எண்ணிக்கைக்குள் இரண்டு பார் அடங்கிவிடும், எட்டு ஆவர்த்தனத்தில், அதாவது எட்டுத் தாளச் சுற்றில், ஒரு சரணம் முடிந்துவிடும். பாட்டின் வேகத்தை அறிய, பதினைந்து விநாடிகளில் விழும் அடிகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள். 240ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பார் எத்தனை விநாடி என்பது கிடைக்கும். நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஒரு பார் ஏறக்குறைய 2.67 விநாடி, பதினாறு பார் 43 விநாடிக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், ஒரு காட்சி அடி விழும் இடத்தில் வெட்டப்படுகிறதா, அடிக்கு ஒரு நூலிழை முன்னே வெட்டப்பட்டு நம்மை உந்துகிறதா, அல்லது தாளத்தைப் பொருட்படுத்தாமல் நீண்டு நம்மைத் தவிக்க வைக்கிறதா என்பது தெரியும்.

அடுத்து, ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு இருக்கும்வரை அது நம் கண்ணை இழுத்துப் பாடகரின் முகத்திலேயே வைத்திருக்கும். ஒலி போனதும் கண் சுதந்திரமாக அலையத் தொடங்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை வெட்டு, கமரா நெஞ்சு உயரத்தில் இருக்கிறதா நிலத்துக்கு அருகில் இருக்கிறதா, கமராவின் வில்லை (லென்ஸ்) எத்தகையது என்று குறித்துக்கொள்ளுங்கள். வில்லையைப் படிக்கப் பழகுவதற்கு ஹைப் வில்லியம்ஸ் இயக்கி 1997இல் வெளிவந்த, ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'த ரெயின்' காணொளியை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. காற்று நிரப்பியது போல் ஊதிப் பெருத்த பளபளக்கும் கறுப்பு உடையில் அவர் நிற்கிறார். மீன்கண் வில்லை நடுவை இன்னும் பெருக்கி, ஓரங்களை வளைத்துப் பின்னே தள்ளுகிறது. ஒரு பெண் தன் உடலைச் சுருக்கி ஒப்பனை செய்து காட்ட வேண்டும் என்று சந்தை எதிர்பார்த்த காலத்தில், உடையும் வில்லையும் சேர்ந்து அவரை அண்டமாக்கி, 'நான் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லவைக்கின்றன. இங்கே வாதத்தை நடத்துவது கண்ணாடித் துண்டு. மௌனமாகப் பார்க்காதவருக்கு அது வெறும் வேடிக்கையான உடையாகவே தெரியும்.

இனி முக்கியமான பயிற்சி: பாடகரைப் பார்க்காமல் பார்ப்பது. இதற்கு 2018 மே 5ஆம் திகதி வெளிவந்த, அமெரிக்கக் கலைஞர் சைல்டிஷ் கம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் ஹிரோ முராய். நடனத்தை அமைத்தவர் ஷெரி சில்வர். பெரிய வெறுமையான கிடங்கு, இனிமையான கூட்டுக்குரல், கதிரையில் அமர்ந்து கிற்றார் வாசிக்கும் ஒருவர், மேற்சட்டையின்றி ஆடியபடி வரும் கம்பினோ. முதல் நிமிடம் முடிவதற்குள், தலையில் துணி மூடப்பட்டிருக்கும் அந்தக் கிற்றார்காரரைக் கம்பினோ பின்னாலிருந்து சுடுகிறார்; வெடிச் சத்தத்தோடு பாட்டே 'டிரப்' எனப்படும் கனத்த ராப் தாளத்துக்கு மாறிவிடுகிறது. இவ்வளவையும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதற்கடுத்த மூன்று விநாடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். துப்பாக்கியை ஒரு பையன் ஓடி வந்து சிவப்புத் துணியில் பக்குவமாக ஏந்திக்கொள்கிறான். சுடப்பட்டவரின் உடலையோ நிலத்தில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆயுதத்துக்குக் கிடைக்கும் மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

அதன் பின்னர் பாடசாலைச் சீருடைப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து மிக அழகாக ஆடத் தொடங்குகிறார்கள். நம் கண்ணை முன்னணியில் கட்டிப்போடுவதற்காகவே அந்த ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பது என் துணிபு. கையால் திரையில் கம்பினோவின் உருவத்தை மறைத்துக்கொண்டு மீண்டும் ஓட விடுங்கள்: பின்னால் ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள், வாகனம் எரிகிறது, மேல்தளத்தில் பிள்ளைகள் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள், ஒரு வெள்ளைக் குதிரை கறுப்பு முக்காட்டு வீரனோடு கடந்து போகிறது. ஆட்டத்தை ரசித்து அழிவைத் தவறவிடும் பார்வையாளராக நம்மையே அந்தக் காணொளி ஆக்கிவிடுகிறது. அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கிராமி விருதுகளில் சிறந்த இசைக் காணொளி உட்பட நான்கு விருதுகளை இப்பாடல் பெற்றது. ஆயினும் அந்த வலிமைக்கான சான்று விருதுப் பட்டியலைவிட அந்தப் பின்னணியில்தான் தெளிவாகத் தெரிகிறது.

நுணுக்கமாகப் பார்க்க யூடியூபிலேயே வசதி உண்டு. கணினியில் காணொளியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டகம் (ஃபிரேம்) முன்னே போகும். காற்புள்ளி விசை ஒரு சட்டகம் பின்னே கொண்டுவரும். வேகத்தை 0.25 வரை குறைக்கலாம். வெட்டு எங்கே மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இதுவே போதும்: கமரா ஒரு தூணையோ ஒருவரின் முதுகையோ கடந்து திரை இருளும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பிறகு, பாடகரைப் பின்தொடர்வதுபோல் இயக்குநரையும் பின்தொடருங்கள். 'ஹம்பிள்' 2017இல் வெளிவந்தது. டேவ் மெயர்சும் லமாரின் 'லிட்டில் ஹோமீஸ்' கூட்டணியும் சேர்ந்து இயக்கியது. அதில் நீண்ட மேசையின் நடுவே லமார் அமர்ந்திருக்கும் காட்சியைக் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் எவரும் உடனே அடையாளம் காண்பார், ஏனெனில் இறுதி இராவுணவுப் படம் அவர்களின் சாப்பாட்டறைச் சுவரில் தொங்குகிறது. தாழ்மையைப் பற்றிக் கட்டளையிடும் ஒருவர் கிறிஸ்துவின் இருக்கையில் அமர்ந்திருப்பது முரண்பாடா, தன்மீதான விசாரணையா என்று வீட்டாரோடு வாதிட்டுப் பாருங்கள். நான் இரண்டாவது பக்கம்.

எம்.ஐ.ஏ. விடயத்தில் நமக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்த மேடைப் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர். தன் முதல் இரு இசைத்தொகுப்புகளுக்கும் தந்தை, தாய் பெயர்களையே வைத்தவர். நம்மவர் என்ற பெருமிதம் இயல்பானது, ஆனால் அது பல வேளைகளில் நம் கண்ணை மூடிவிடுகிறது. ரொமெய்ன் கவ்ராஸ் மொரோக்கோவில் படமாக்கிய 'பேட் கேர்ள்ஸ்' 2012இல் வெளிவந்தது. இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடும் காரின் யன்னலுக்கு வெளியே அமர்ந்து, அவர் அமைதியாக நகத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். கார் எவ்வளவு பதறுகிறது, கை எவ்வளவு நிதானமாக அசைகிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலான தூரம்தான் காட்சியின் பொருள்.

வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் சில காணொளிகள் திறக்கவே மாட்டா. ராப் கலைஞர் அறிவும் பாடகி தீயும் சந்தோஷ் நாராயணன் இசையில் 2021இல் தந்த 'என்ஜாய் எஞ்சாமி' ஊரெல்லாம் கலியாண வீடுகளில் ஒலித்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் என்பதை அறிவே சொல்லியிருக்கிறார். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பக்கமேனும் வாசித்துவிட்டு, அல்லது மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, தோட்டம் வைத்தும் தொண்டை நனையாதவரைப் பற்றிய அந்த வரிகளை மீண்டும் பாருங்கள்.

போயா விடுமுறையில் நான்கைந்து பேர் ஒரு வீட்டில் கூடிப் பார்ப்பதும் நல்லது. ஒரு விதி மட்டும் போதும்: பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் கண்டதை எழுதிவிட வேண்டும். சிங்கள நண்பர் ஒருவரையும் அழையுங்கள்; சிங்கள இசைக் கலைஞர் இராஜ் வீரரத்னவின் 'ஜே டவுன் ஸ்டோரி' பாடலில் கிரிஷான் மகேசனின் தமிழ் ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

கடைசியாக, நீங்களே ஒரு சரணத்தைப் படமாக்குங்கள். பார்வையை இதைப் போல் வேறெதுவும் கூர்மையாக்காது. ராப் காணொளிகளில் உதடு தாளத்தோடு பொருந்தியிருக்க, சட்டையும் புகையும் மட்டும் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். படப்பிடிப்பில் பாட்டை வேகமாக ஓடவிட்டு, அதற்கேற்ப வாயசைத்து, பின்னர் காட்சியை அதே அளவுக்கு மெதுவாக்குவதுதான் அதன் இரகசியம். கைபேசியில் விநாடிக்கு 60 சட்டகம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். இருமடங்கு வேகத்தில் ராப் செய்வது கடினம், 1.25 வேகத்தில் தொடங்கி, காட்சியை 80 சதவீதமாக மெதுவாக்குங்கள். மூன்று வேளை ஒத்திகை பார்த்தால் நாக்கு பழகிவிடும்.

இடத்துக்குப் புறக்கோட்டையின் காலை நேரத்தைப் பரிந்துரைப்பேன். மூட்டை இழுக்கும் நாட்டாமிகளின் வண்டிகள், திறக்கப்படும் கடைக் கதவுகள், குறுக்குத் தெருக்களில் சாய்ந்து விழும் வெயில் ஆகிய அனைத்தும் காசில்லாமல் கிடைக்கும் பின்னணி. ஆனால் அங்கே உழைப்பவர்கள் உங்கள் அலங்காரப் பொருளல்லர். ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு, மறுத்தால் கமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். மரீன் டிரைவ் பக்கம் போனால் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். படத்தை வெட்டி ஒட்டும்போது முதலில் பார் கணக்குப்படி வெட்டி, பிறகு இரண்டு இடங்களில் மட்டும் துணிந்து தாளத்தை மீறுங்கள். முடித்ததும் பாட்டைக் கேட்டிராத ஒருவருக்கு ஒலியின்றிக் காட்டி, பின்னணியில் என்ன கண்டார் என்று கேளுங்கள். அவர் உங்கள் முகத்தை மட்டும் சொன்னால், மறுநாள் காலை அதே தெருவுக்குப் போய்க் கமராவை நாலடி பின்னே வைத்து மீண்டும் எடுங்கள்.