ஆர்மீனியத் தங்கப் பதக்கம் கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது

முதல் வேலை, அதைத் தேய்க்காமல் இருப்பது. புளி, பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம், ஏனென்றால் பழைய மேற்பரப்பு போய்விட்டால் சேகரிப்பவர் தரும் விலையும் அதோடு போய்விடும்.

சரி, எழுத்து ஆர்மீனியம்தானா? ஆங்கில யு போல ஒரு எழுத்து, அதையே கவிழ்த்து வைத்தது போல இன்னொன்று, கொக்கியும் வாலுமாகச் சில, இப்படி அடிக்கடி தென்பட்டால் பெரும்பாலும் ஆர்மீனியம். ஜார்ஜிய எழுத்து இதைவிட வளைந்து உருண்டையாக இருக்கும். எண்ணே இல்லாமல் மூன்று நான்கு எழுத்துகள் தனியாக நின்றால் அது ஆண்டாக இருக்கலாம். ஆர்மீனிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு, பழைய ஆர்மீனியக் கணக்கு கி.பி. 552இல் தொடங்குகிறது, அதனால் வரும் தொகையோடு 551ஐக் கூட்டினால் போதும். ஆயிரம், இருநூறு, தொண்ணூறு என்று மூன்று எழுத்து இருந்தால் 1290, அதாவது 1841.

அரராத் மலை, திராட்சைக் குலை, மேலே அரிவாள் சுத்தியல் இருந்தால் சோவியத் ஆர்மீனியா. அதில் அடிக்கடி கிடைப்பது பள்ளி இறுதியில் முதல் நிலை மாணவர்களுக்குக் கொடுத்த தங்கப் பதக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1945இல் தொடங்கியபோது அது 583 தரத் தங்கம், அதாவது ஆயிரத்தில் 583 பங்கு சுத்தத் தங்கம், 32 மில்லிமீட்டர் அகலம். 1954 முதல் 375 தரம். 1960 முதல் 40 மில்லிமீட்டராகப் பெரிதானது, ஆனால் செம்பு கலந்த உலோகத்தின் மேல் தங்க முலாம் மட்டும்தான். பெரிதாக இருப்பதே விலை குறைந்தது என்பதால் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, சுழியாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் பிடியுங்கள், பதக்கத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 15.6 கிராம் பதக்கத்துக்கு 1.2 காட்டினால் 13, அது 583 தரத்துக்குப் பொருந்தும். 375 என்றால் பதினொன்றரை பக்கம் வரும். எட்டரை, ஒன்பது வந்தால் முலாம்தான்.

உலோக மதிப்பு எளிது: 15.6 கிராமை 0.583ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதற்கு 24 காரட் விலை போடுங்கள், 22 காரட் விலை அல்ல. உரைகல்லில் உரச விடாதீர்கள், எக்ஸ்ரே கருவியில் தரம் பார்க்கும் கடைக்குப் போங்கள்.

இந்த உலோக விலைக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஏலங்களில் விற்று முடிந்த விலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், விற்பவர் போட்டிருக்கும் விலையை நம்பிப் பயனில்லை. கூடவே பெட்டியும் மாணவர் பெயர் எழுதிய சான்றிதழும் இருந்தால் அவற்றைப் பிரித்து விற்காதீர்கள்.