மழை விட்டதும் மேடைச் சண்டை: வீட்டுக் காப்பீட்டுக் கேள்வியை நழுவவிடாமல் பிடிப்பது எப்படி? (சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்களுக்கு)

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாள் சேலத்தில் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது, திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. அந்த வாரம் முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மாநில அரசு இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி கேட்டது, மத்திய அரசு 944.80 கோடி விடுவித்தது. யார் யாரை வஞ்சித்தார்கள் என்பதே டிவி விவாதம்.

இந்த இரண்டு தொகையில் எதுவும் உங்கள் வீட்டுச் சுவருக்கு எவ்வளவு வரும் என்று சொல்லாது. அதைச் சொல்வது பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறை. 2022-26 காலத்துக்கான விதிப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய். முழுதாக இடிந்தால் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். 6,500 ரூபாயில் ஒரு பக்கச் சுவரைக்கூட எடுத்துக் கட்ட முடியாது என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். மீதியை அடைக்க இருக்கும் ஒரே வழி காப்பீடு. அதைப் பற்றித்தான் எந்த மேடையிலும் பேச்சில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022 பிப்ரவரி, மார்ச்சிலேயே வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகத் தொடங்கிவிட்டன. வழக்கமான சட்டமன்றக் கூட்டம் காப்பீட்டுக்கு வழி காணாமலே முடிந்தது. ஏப்ரலில் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். அதில் எடுத்துக்கொண்டது தொகுதி மறுவரையறையும், டிஸ்னி நிறுவனத்தின் தனி நிர்வாக மாவட்டத்தைக் கலைப்பதும். நாடே அந்த டிஸ்னி சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காப்பீட்டுக்கான சிறப்புக் கூட்டம் மே 23-ல்தான் தொடங்கியது. செப்டம்பர் 28-ல் இயன் புயல் அடித்தது. டிசம்பரில் அதே விஷயத்துக்கு மறுபடியும் கூட வேண்டியதாயிற்று. எது முதலில் பேசப்படுகிறது என்பதே வீட்டுக்காரருக்கு நஷ்டமாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது

கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே சர்ச்சைக்குள் நழுவிவிடுவார். காப்பீடு அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் வருகிறது. பிரீமியம், பாலிசி விதிகள், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் எம்.பி.யிடம் கேட்க வேண்டியவை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீங்கியது. வீட்டுக் காப்பீட்டுக்கு நீங்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டிய இடமும் அதுதான். சேதக் கணக்கெடுப்பு, நிவாரணம், மழைநீர் வடிகால், மலைப்பாதைத் தடுப்புச்சுவர் ஆகியவை மாநில அரசின் வேலை. அவற்றுக்கு எம்.எல்.ஏ., தாசில்தார், கலெக்டர். மாநகராட்சிக்குள் வீடு இருந்தால் வார்டு கவுன்சிலரையும் மண்டல அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மாவட்டம் சேலம் என்றாலும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. சேலம் எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தால் 'எங்கள் தொகுதி இல்லை' என்ற பதிலோடு கதை முடியும். மக்களவையில் ஒரு கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்பே உறுப்பினர் நோட்டீஸ் தர வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே, கேள்வியை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சொந்த பாலிசியைப் படிக்காமல் யாரையும் கேட்க முடியாது

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் 'பேங்கிலேயே இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள்' என்று இருந்துவிடுவார்கள். பாலிசி பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பல நேரம் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அதில் ஒரு பைசா வராது. அது நிஜமாகவே வீட்டுக் காப்பீடு என்றால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், க்ளைம் தொகை (நீங்கள் கேட்டு வாங்கும் இழப்பீடு) முதலில் வங்கிக்குப் போகும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் (ஆயுள் அல்லாத காப்பீடு தருபவை) எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். இந்தச் சம்பவங்களுக்குப் பின் 7 நாளுக்குள் நடக்கும் திருட்டும் சேரும். காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவது சுலபம்: வீட்டின் உள்பரப்பு, பெருக்கல், சதுர அடிக்கு இன்றைய கட்டுமானச் செலவு. உள்பரப்பு 1,000 சதுர அடி, செலவு 2,000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். நிலத்தின் விலையை இதில் சேர்க்கக் கூடாது. ஃபேர்லேண்ட்ஸில் மனை என்ன விலை போகிறதோ அது இந்தக் கணக்குக்கு வேண்டாதது. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு அது 4 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 10 ஆண்டு வரை ஒரே தடவையில் எடுக்கலாம், நீண்டகால பாலிசியில் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்துகொண்டே போகும். பழைய பாலிசிகளில் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் க்ளைமையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது.

சேலத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அம்மாபேட்டையிலும் குகையிலும் வீட்டுக்குள்ளேயே தறி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டின் முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை. தறி, பாவு, நூல், வெள்ளி, பட்டறைச் சாமான் இவை வீட்டுச் சாமான் கணக்கில் வராது, தொழில் சொத்து. அவற்றுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனி பாலிசி வேண்டும். வீட்டு பாலிசி இருக்கிறதே என்று நம்பி, வெள்ளத்தில் ஊறிய பாவுக்கு க்ளைம் போட்டால் மறுப்புக் கடிதம்தான் வரும். ஏற்காட்டில் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களும் அதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

மலையில் வீடு கட்டியவர்கள் நிலச்சரிவு பிரிவை வரிவரியாகப் படியுங்கள். புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதில் வரும் விரிசல், மண் நிரப்பிச் சமன்செய்த தளம் இறங்குவது, கட்டுமானக் கோளாறு, தோண்டும் வேலையால் வரும் சேதம் ஆகியவை விலக்கு. ஏற்காட்டில் சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் பெரும்பாலும் மனையைச் சமன் செய்கிறார்கள். வீட்டின் பாதி அந்த நிரப்பு மண்மேல் நிற்கும். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் தேடுவது இதைத்தான். அஸ்திவாரம் இயற்கை மண்ணில் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும் வரைபடமும், கட்டும்போது எடுத்த படங்களும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். பக்கத்து மனையில் ஜே.சி.பி. விட்டு வெட்டுகிறார்கள் என்றால் அன்றே தேதியோடு படம் எடுங்கள்.

சேதமான அன்று

மேடையில் என்ன சத்தம் நடந்தாலும் இந்த வேலைக்கு நாள் குறைவு. தண்ணீர் வடிந்ததும் துடைக்கத் தோன்றும். பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பை நீட்டிப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை. ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் பின்பக்கம் இருக்கும் சீரியல் எண் பட்டையைத் தனியாக எடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுத்தால் விரிசல் வளர்கிறதா என்று தெரியும்.

நிறுவனத்துக்கு அன்றே போனில் சொல்லி க்ளைம் எண் வாங்குங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கூரைமேல் தார்ப்பாய் போடுவது, முட்டுக் கொடுப்பது போன்ற தற்காலிக வேலைகளைச் செய்யலாம், பில்லை வையுங்கள். பூச்சு, பெயின்ட் போன்ற நிரந்தர வேலை சர்வேயர் பார்த்த பிறகுதான். கெட்டுப்போன சாமானை அவர் பார்க்கும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். க்ளைம் அடிபடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். மதிப்பீட்டைத் துண்டுச்சீட்டில் 'மொத்தம் 3 லட்சம்' என்று வாங்காமல், பதிவுபெற்ற பொறியாளரிடம் செங்கல் வேலை இத்தனை கன அடி, பூச்சு இத்தனை சதுர அடி என்று பிரித்து வாங்குங்கள்.

வி.ஏ.ஓ.வின் கணக்கெடுப்பு இதற்குத் தனி. அரசு நிவாரணம் வேறு, காப்பீட்டு ஒப்பந்தம் வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

கூட்டத்தில் பேச்சு திரும்பும்போது

திசைதிருப்பல் சில உருவங்களில்தான் வரும். 'அவர்கள் ஆட்சியில் என்ன செய்தார்கள்' என்பது ஒன்று. யார் முதலில் வந்து பார்த்தார், நிவாரணப் பையில் யார் படம் என்பது இன்னொன்று. ஆக்கிரமிப்புக்காரர்களால்தான் வெள்ளம் என்று ஒரு தெருவையோ ஒரு சமூகத்தையோ காட்டுவது மூன்றாவது, மிக மோசமானதும் அதுதான். அண்டை வீட்டுக்காரர்களையே பிரித்துவிட்டால் பிறகு சேர்ந்து கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

எதற்கும் பதில் சொல்லாதீர்கள். மறுத்துப் பேசினாலும் அந்தச் சண்டை நீளத்தான் செய்யும். ஒரே தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வீடு கணக்கெடுத்தீர்கள், முழுச் சேதம் எத்தனை, பகுதி எத்தனை? எந்தத் தேதிக்குள் பணம் வரும்? பொறுப்பான அலுவலர் யார்? 'ஐயா, அது இருக்கட்டும். எங்கள் ஊராட்சியில் பகுதிச் சேதம் எத்தனை வீடு?' என்று அதே குரலில் மறுபடி கேளுங்கள். நான்கு பேர் நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் நிறுத்தியதும் அடுத்தவர் அதே கேள்வியைத் தொடர்ந்தால், தனி ஆளின் சச்சரவு என்று ஒதுக்க முடியாது. வீடியோ எடுப்பதாக இருந்தால் கேள்வியும் பதிலும் சேர்ந்து வருகிற மாதிரி எடுங்கள். கோபத்தில் ஒருவர் கத்தும் பத்து விநாடி வெளியே போனால் அதுவே மறுநாள் சர்ச்சையாகிவிடும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். 'இந்த ஊராட்சியில் மழையால் சேதமடைந்த வீடுகளின் பட்டியலை, முழுச் சேதம், பகுதிச் சேதம் எனப் பிரித்து, இன்ன தேதிக்குள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று இச்சபை தீர்மானிக்கிறது' என்ற அளவு போதும். பதிவேட்டில் எழுதி, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைக்கு என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது நடக்கிறது. எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். நகரத்துக்காரர்களுக்குத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாள் இருக்கிறது. மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமை மனு போடுங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். அரசுக்குச் சொந்தமான நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் அவை மத்திய அரசுடையவை என்பதால் அங்கே அஞ்சல் ஆணை (போஸ்டல் ஆர்டர்) போன்ற வழியில் கட்ட வேண்டும், ஸ்டாம்ப் ஒட்டினால் மனு திரும்பி வரலாம். 'ஏன் தரவில்லை' என்று எழுதாதீர்கள். 'சேலம் மாவட்டத்தில் 2024 டிசம்பரில் பதிவான வீட்டு க்ளைம்கள் எத்தனை, தீர்த்தவை எத்தனை, மறுத்தவை எத்தனை' என்று பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

உங்கள் சொந்த க்ளைமுக்கு, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 எண்ணிலும் பதிவு செய்யலாம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், மறுப்புக்கான காரணம் அதில்தான் இருக்கும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓர் ஆண்டுக்குள் அங்கே மனு சேர வேண்டும், அதனால் மறுப்புக் கடிதம் வந்த உறையையும் தேதி முத்திரையோடு கோப்பில் வையுங்கள்.