பிரெஞ்சு பிரஸ் காபி கலங்கலாக வருகிறதா?

பிரெஞ்சு பிரஸ்ஸில் (ஜாடியில் தூளை வெந்நீரில் ஊறவைத்து, கம்பி வலையை அழுத்தி வடிக்கும் கருவி) போட்ட காபி கலங்கலாகவும் கசப்பாகவும் வந்தால், குறை பெரும்பாலும் தூளில்தான். ஃபில்டருக்கு அரைத்த நைசான தூள் கம்பி வலைக்குள் புகுந்து கோப்பைக்கு வந்துவிடும். காபிக்கடையில் சிக்கரி கலக்காமல், உப்புமா ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணையாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

30 கிராம் தூளுக்கு 450 மில்லி தண்ணீர் கணக்கு. கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிடம் பொறுத்து ஊற்றி, 4 நிமிடம் விடுங்கள். மேலே நுரையோடு தூள் ஏடுபோலக் கட்டி நிற்கும். கரண்டியால் கலக்கிவிட்டால் அடியில் இறங்கத் தொடங்கும். மிதக்கும் நுரையை வழித்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிறகு மெதுவாக அழுத்துங்கள். கை வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் தூள் நைசு என்று பொருள். அங்கே பலத்தைக் காட்டாதீர்கள். வெந்நீர் தெறிக்கும், கண்ணாடியும் உடையலாம்.

அழுத்தியதும் முழுவதையும் ஊற்றிவிடுங்கள். ஜாடியிலேயே விட்டால் தூள் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கோப்பை கஷாயம்தான். பால் விட்டுக் குடிப்பவர்கள் தண்ணீரை 300 மில்லியாகக் குறைக்கலாம். ஆனாலும் ஃபில்டர் டிகாக்‌ஷனின் திடத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஊறிய தூளைச் சிங்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.