கேம்பர் வேன் ஜென்செட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட் போடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சுங்கை சிப்புட்டுல லோரி வயரிங், ஏர்கோன் வேலைதான் எனக்கு, இப்ப கொஞ்ச வருஷமா பழைய வேனை கேம்பரா மாத்தி பிள்ளைகுட்டியோட கடற்கரை, கேமரன் மலைன்னு கெளம்புறவங்க நெறைய வர்றாங்க, வந்தா "அண்ணே, ஜென்செட் தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி ஒன்னு மாட்டிக் குடுங்க"ன்னுதான் கேக்குறாங்க. நல்ல சாமான்தான், ஏஜிஎஸ்னு (ஆட்டோ ஜெனரேட்டர் ஸ்டார்ட்) சொல்லுவாங்க. பேட்டரி எறங்குனா இல்ல உள்ளுக்கு சூடு ஏறுனா அதுவே ஜென்செட்டைக் கெளப்பும், சார்ஜ் ஏறுனதும் அதுவே நிறுத்தும். ஆனா நீங்க முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா, வேன் எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

மொத தப்பு, பெரிய தப்பு, வீட்டுக்கு வந்ததும் ஆஃப் பண்ணாம விடுறது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போய்ட்டு நடுராத்திரி திரும்பி வந்து, மூணு பக்கமும் அடைச்ச போர்ச்சுல வேனை விட்டுட்டுப் படுத்துட்டாங்க, உள்ள ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டே இருந்ததுல விடியக்காலம் பேட்டரி எறங்கி ஜென்செட் தானா கெளம்பிருச்சு. போர்ச்சை ஒட்டின ரூம்ல படுத்திருந்த பாட்டி தலை வெடிக்கிற மாதிரி வலிச்சு, வாந்தி வந்து எழுந்ததாலதான் எல்லாரும் பொழைச்சாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கெடையாது நெறமும் கெடையாது, தூக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒன்னுமே தெரியாது. அதை நெனைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தக் கலக்குது. அதனால ஏஜிஎஸ்ஸை முழுசா நிறுத்துற சுவிட்ச் ஒன்னு கதவுக்குப் பக்கத்துலயே, எறங்கும்போது கை படுற எடத்துல கட்டாயம் வைங்க. வீட்டுப் போர்ச், வொர்க்‌ஷாப், பெட்ரோல் ஸ்டேஷன், குவாலா பெர்லிஸ்ல இருந்து லங்காவிக்கு காடி ஏத்துற ஃபெர்ரி, எங்க போனாலும் மொதல்ல அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் மத்தது. படுக்குற எடத்துல கார்பன் மோனாக்சைடு அலாரம் வைங்க, ஏற்கெனவே இருந்தா கழட்டி பின்னாடி தேதியைப் பாருங்க. அதோட சென்சாருக்கு ஆயுசு உண்டு, பெரும்பாலும் 5ல இருந்து 10 வருஷம்தான். லைட் எரியுதுன்னு நம்பி இருக்காதீங்க.

செம்பனைக் காட்டு ஓரமா காஞ்ச லாலாங் புல்லு மேல வேனை நிறுத்துறதும் ஆபத்துதான். கையால ஸ்டார்ட் பண்ணும்போது எறங்கி அடியில பாப்பீங்க, ஆட்டோன்னா யாரும் பாக்க மாட்டாங்க, சூடான புகைக்குழாய் புல்லுல பட்டா பத்திக்கும்.

சர்வீஸ் பண்ணும்போது சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது, ஜென்செட் பேட்டரியோட நெகட்டிவையும் கழட்டிருங்க. உள்ள இருக்கறது உங்க விரல்.

அடுத்தது வாங்குறதுலயே பண்ற தப்பு. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றதுக்கும், சோக்கைக் கையால இழுக்குறதுக்கும் இது ஒத்து வராது. எலக்ட்ரிக் ஸ்டார்ட்லயும் ரெண்டு வகை இருக்கு. ஒன்னுல ரெண்டு வயர், சேர்ந்தே இருந்தா ஓடும், பிரிஞ்சா நிக்கும். இன்னொன்னுல மூணு வயர், ஸ்டார்ட்டுக்குக் கொஞ்ச நேரம் தொடணும், ஸ்டாப்புக்குத் தனியாத் தொடணும், ஓனான் கம்பெனியோட கேம்பர் ஜென்செட் பெரும்பாலும் இந்த வகைதான். வகை தெரியாம மாட்டுனா ஒன்னு ஸ்டார்ட்டே ஆகாது, இல்லன்னா நிக்காது. இதைவிட மோசம் "ஓடிக்கிட்டு இருக்கு"ன்னு சொல்ற சிக்னல் வயரைக் குடுக்காம விடுறது, எஞ்சின் ஓடுறது தெரியாம ஏஜிஎஸ் திரும்பவும் ஸ்டார்ட்டரைச் சுத்தும், அதோட கியர் பல்லு போயிரும். ஒரு வயருக்கு சோம்பேறித்தனம் பட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாத்துனவங்களை நான் பாத்திருக்கேன்.

வோல்ட்டேஜ் பாக்குற வயரை பக்கத்துல கெடைக்குதேன்னு ஃப்யூஸ் பாக்ஸ்ல இருந்து எடுக்காதீங்க, லோடு ஏறும்போது அங்க வோல்ட் கொறைச்சுத்தான் காட்டும். பேட்டரி முனையில இருந்தே எடுத்து, முனைக்குப் பக்கத்துலயே சின்ன ஃப்யூஸ் போடுங்க.

செட்டிங்லதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. சாதா லெட் ஆசிட் 12 வோல்ட் பேட்டரி லோடு இல்லாம சும்மா இருக்கும்போது 12.7 காட்டுனா ஃபுல், 12.2 கிட்ட வந்தா பாதி. ஆனா மைக்ரோவேவ் போட்டாலோ தண்ணி பம்ப் ஓடுனாலோ ஒரு நிமிஷம் சட்டுன்னு கீழ எறங்கிட்டு மேல வந்துரும், அதுக்கெல்லாம் ஜென்செட் கெளம்பக்கூடாதுன்னா ரெண்டு நிமிஷமாவது டிலே வைங்க. நிறுத்தறதை 14.4 தொட்டதும்னு வச்சிராதீங்க, வோல்ட் சீக்கிரமே ஏறிரும், பேட்டரி உள்ள நெறைஞ்சிருக்காது, இப்படியே அரைகொறையா சார்ஜ் ஆகி ஆகி சல்ஃபேட் படிஞ்சு செத்துரும். நேரத்தை வச்சு நிறுத்துங்க. லித்தியம்னா கதையே வேற, முக்கால் இருந்தாலும் பாதி இருந்தாலும் 13.1, 13.3ன்னே காட்டும், 12.2ன்னு வச்சா கெளம்பும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலி. அதுக்கு ஷன்ட் (பேட்டரிக்குள்ள போற வர்ற கரண்டை அளக்குற சாமான்) போட்டு சதவீதத்தை அளக்குற மீட்டர்தான் சரி, விக்ட்ரான் பிஎம்வி 712ங்கிற மீட்டர்ல ரிலே (தானா ஆன் ஆஃப் ஆகுற சுவிட்ச்) இருக்கு, இத்தனை சதவீதத்துக்கு எறங்குனா ஆன், இத்தனைக்கு ஏறுனா ஆஃப்னு வச்சிக்கலாம்.

240 வோல்ட் பக்கம் வெளையாடாதீங்க. ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வச்ச வயரைக் குத்தி ஜென்செட் கரண்டை உள்ள விடுறதை இன்னும் பாக்குறேன், கையால ஸ்டார்ட் பண்றப்பவே அது எமன், தானா கெளம்புற ஜென்செட்டுல கழட்டி வச்ச பிளக்கோட பல்லை ஒரு பிள்ளை தொட்டா முடிஞ்சது. வெளிக் கரண்டும் ஜென்செட் கரண்டும் ஒன்னா சேராம மாத்தி விடுற டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடுங்க, சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சான்றிதழ் உள்ள வயர்மேன் கையால போடுங்க, எஞ்சின் சூடாக கொஞ்ச வினாடி விட்டு லோடு மாறுற மாதிரி வைங்க.

ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் அமைதி நேரம்னு செட் பண்ணுங்க, பக்கத்து டெண்டுலயும் கைக்குழந்தை இருக்கும்.

எல்லாம் முடிஞ்சு வேனை எடுக்குறதுக்கு முன்னால என் வொர்க்‌ஷாப்புல ஒரு டெஸ்ட் வெளிக் காத்துல நிறுத்தி வச்சுத்தான் பண்ணுவேன். லோடு போட்டு பேட்டரியை எறக்கி தானா ஸ்டார்ட் ஆகுதா, தானா நிக்குதான்னு பாக்கணும், அப்புறம் எஞ்சினுக்கு எரிபொருள் வர்ற வால்வை அடைச்சிட்டு ஸ்டார்ட் பண்ண விடணும். மூணு தடவை ட்ரை பண்ணுன்னு வச்சிருந்தா மூணோட நிக்கணும், நாலாவது தடவை சுத்துச்சுன்னா வேனை எடுக்காதீங்க.