நம்பிக்கையைப் பாடும் கவிதையின் வடிவத்தை ஆராயும் முறை: புறநானூறு 192

ஒருவர் தாம் கொண்ட நம்பிக்கையைக் கூறும் கவிதையை ஆராயும்போது, பொழிப்புரை எழுதிவிட்டுக் கடைசியில் எதுகை, மோனை, உவமை என்று பட்டியலிடுவது வகுப்பறை வழக்கம். அந்தக் கருத்தைச் சொல்லச் செய்யுள் எதற்கு என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற பாடலைக் கொண்டு அந்தக் கேள்விக்கு விடை தேடலாம்.

முதலில் பாடலை வாய்விட்டுப் படித்து, அடிகளையும் சீர்களையும் எண்ணுங்கள். 13 அடிகளில் 12ஆம் அடி மட்டும் முச்சீராகவும் ஏனையவை நாற்சீராகவும் வருவதால், இது நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகை.

அடுத்து, தொடர்கள் எங்கே முடிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அடிகளும் தனித்தனியே முற்றுப்பெற்ற கூற்றுகள். 6ஆம் அடியின் இறுதியில் ‘மின்னொடு’ என்று தொடங்கும் தொடரோ மழை, ஆறு, புணை (தெப்பம்), உயிர் என்று அடிகளைத் தாண்டி ஓடி, ‘தெளிந்தனம் ஆகலின்’ (தெளிந்துகொண்டதால்) என்ற காரணத்தைச் சொல்லிய பிறகே முடிவுக்கு வருகிறது. முதல் அடி மேடை முழக்கமாகிவிட்டதால், பலர் இந்தக் காரணம் வரை வருவதில்லை.

அதன் பின்னரே அணிகளுக்குச் செல்லுங்கள். தீது–நன்று, சாதல்–வாழ்தல் என்னும் முரண்களைப் பாடல் எதிரெதிரே நிறுத்தாமல் சமன் செய்கிறது. ‘நீர்வழிப் படூஉம்’, ‘முறைவழிப் படூஉம்’ என்று ஒரே அமைப்பு இரண்டு அடிகளின் தொடக்கத்தில் வருவதால், புணைக்கும் உயிருக்குமான உவமை செவிக்கும் எட்டுகிறது.

‘இலமே’ (நாம் செய்வதில்லை) என்ற சொல் நான்கு முறை வருகிறது. 5, 6ஆம் அடிகளில் இடையிலும், கடைசி இரண்டு அடிகளில் ஈற்றிலும் நிற்கிறது. அந்த ஈற்றடிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்:

பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே

நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வருவது யாப்பின் விதி. அதற்கு அடுத்த அடியில் கூடும் ஒரு சீரில்தான் ‘அதனினும்’ என்ற சொல் அமர்கிறது. வியவாமையைவிட இகழாமை உறுதியானது என்பதைப் புலவர் அந்தச் சீரைக் கொண்டே சொல்லிவிடுகிறார்.

பாடலுடன் தரப்படும் பொதுவியல் திணை, பொருண்மொழிக்காஞ்சித் துறை (வாழ்வுக்கு உறுதி தரும் பொருளை எடுத்துரைப்பது) என்ற குறிப்பைக் கடைசியில் பாருங்கள். முன்னரே பார்த்தால், அறிவுரைப் பாடல் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவோம்.