தறி நிற்கும் நேரத்தில் ஒரு பாப்-பங்க் ஆல்பம்

சேலம் அம்மாபேட்டை போன்ற நெசவாளர் பகுதியில் குடியிருந்து, தம் புதிய பாப்-பங்க் (வேகமான ராக் இசையில் எளிய மெட்டு அமைந்த வகை) ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்பும் இளம் பாடகர், மைக் வாங்குவதற்கு முன்பே தம் பாடல் வரிகளைச் சீர்பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில், தட்டுக்கு இரண்டு எழுத்து வீதம் பாடினால், ஒற்று நீங்கலாக நொடிக்கு ஆறு எழுத்துகளை உச்சரிக்க நேரும். ஆகவே சரணத்தில் குறில் மிகுந்த சொற்களை இட்டு, பல்லவியில் குரலை நிறுத்திப் பிடிக்கும் இடத்துக்கு நெடிலை ஒதுக்குங்கள். ‘விட்டு’ என்று வரி முடிந்தால், ஈற்றில் நிற்பது குற்றியலுகரம். அரை மாத்திரைக்குரிய அதை வலிந்து நீட்டினால் சொல்லே சிதையும். ‘வா’, ‘நிலாவே’ என முடியும் வரியை அரங்கமே சேர்ந்து பாடும். இந்த இசைக்குத் தமிழ் பொருந்தாது என்பவர்கள் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கிட்டாரில் பவர் கார்டு போதும். அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் ஒலிப்பதால் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றினாலும் ஒலி கலங்காது. ஒரே பகுதியை இருமுறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வையுங்கள். ஒன்றையே நகலெடுத்து வைத்தால் ஒலி கூடுமே தவிர அகலம் கிடைக்காது.

குரல் பதிவுக்கு ஏற்ற நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாள். விசைத்தறி, மின்விசிறி, மோட்டார் எல்லாம் ஓய்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில், முந்தைய இரவே சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியும் அதிலிருந்தே மின்சாரம் பெறும், மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் போதுமானவை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நின்று, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடுங்கள். ‘ப’கரம் வெடிக்காமல் இருக்க, மைக்கின் முன் வைக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் அவசியம். உரத்துப் பாடும் இடத்திலும் பதிவு மென்பொருள் காட்டும் ஒலி அளவு −6 டெசிபலைத் தாண்டக் கூடாது.

அமைதி தேடி ஏற்காட்டுக்குச் செல்வோர், குளிரில் கிட்டார்க் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும் என்பதால், கிட்டார்ப் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் கழித்தே சுருதி சேர்க்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு விநியோக நிறுவனம் வழியாகவே பாடல் செல்லும். 3000 பிக்சல் சதுர அட்டைப்படத்துடன் ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். டிரம்ஸ் வாசித்த நண்பரின் பங்கு எவ்வளவு என்பதை அதற்கும் முன்பே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.